கண்ட தழை

நேற்று பக்கத்து வீட்டு மருமகள் தன் குழந்தைக்காக மாவு டப்பா ஒன்றைத் திறந்தாள். அந்த இனிப்பு வாடை ஜன்னல் வழியே வந்ததும் நான் பல்லை நறநறவென்று கடித்தேன். மிச்சமிருப்பதே நாலு பல், அதையும் கடிக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் எங்கள் பெரியம்மா மேல்.

யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள். மோகனூரில் அப்பாவும் அவர் அண்ணனும் ஒரே வீட்டில் குடித்தனம். அண்ணன் மனைவிதான் பெரியம்மா, சேலத்துக்காரி. என் அம்மாவின் கையில் எந்நேரமும் கீரை வாசம் அடிக்கும். கிணற்று வாய்க்காலோரம் அரைக்கீரைப் பாத்தி போட்டிருந்தாள். உலை கொதித்த பிறகுதான் கிள்ளப் போவாள். வெந்த கீரையும் பாசிப்பருப்பும் சோறும் நெய்விட்டுப் பிசைந்து வைத்தால் என் தங்கை இரண்டு கையாலும் அள்ளுவாள். மூக்கு, காது, தலைமுடியெல்லாம் பச்சை.

ஒரு கோடையில் அவளுக்கு வாந்தி பேதி கண்டது. அந்தக் கோடையில் ஊரில் எத்தனையோ குழந்தைகள் போயின. அவளும் போனாள். துக்கம் கேட்க வந்த சனத்தின் நடுவில் பெரியம்மா சொன்னாள்: "கண்ட தழையப் பிசஞ்சு ஊட்டுனா புள்ள எப்படீங்க தங்கும்?"

அம்மாவின் அழுகை அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த வருஷம் பெரியம்மாவுக்கு மகன் பிறந்தான். சேலத்திலிருந்து டப்பா டப்பாவாக மாவு வந்தது. வெந்நீரில் கரைத்து, காலிடுக்கில் பிள்ளையைக் கிடத்தி, மூக்கைப் பிடித்துப் புகட்டுவாள். ஸ்பூனைக் கண்டாலே அவன் அலறுவான். கால் இரண்டும் குச்சி.

அவன் தவழத் தொடங்கியதும் அம்மா கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். அவனைக் கூப்பிடவே மாட்டாள். ஆவி பறக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பிட்டு ஊதி, எனக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய். அவன் தவழ்ந்து வந்து அவள் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றான். "வேணுமா சாமி?" என்று ஆறின துண்டை அவன் கையிலேயே கொடுத்தாள். மறுநாள் பரங்கிக்காய். பிறகு கீரை. ஒருநாளும் திணித்ததில்லை, அவன் வாயைத் திறந்தால்தான் கை போகும். பிள்ளை தேறினான். எல்லாம் டப்பாவின் மகிமை என்று பெரியம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள். அம்மா காத்திருந்தாள்.

அவனுக்குக் காது குத்தினார்கள். துக்கத்துக்கு வந்த அதே சனம் விருந்துக்கு வந்தது. பெரியம்மா வெள்ளிக் கிண்ணத்தில் கரைத்ததை எல்லோர் முன்னாலும் ஊட்டினாள். அவன் தூவென்று துப்பினான். புதுக் கடுக்கன் ஆட, தத்தித் தத்திச் சபையைக் கடந்து என் அம்மாவின் மடியில் விழுந்து வாயைத் திறந்தான்.

அம்மா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "உங்கம்மாகிட்டத் தின்னு சாமி. நானு கண்ட தழைய ஊட்டறவ."

அவன் வீறிட்டான். பெரியம்மா தூக்கப் போனாள், உதைத்தான். கூடமே திரும்பிப் பார்த்தது. கடைசியில் பெரியம்மா குனிந்து முணுமுணுத்தாள்: "நீயே ஊட்டு அம்மிணி."

"சத்தமாச் சொல்லுங்க்கா. அங்க ஒக்காந்திருக்கறவங்களுக்குக் கேக்கல."

பெரியம்மா சத்தமாகச் சொன்னாள். அம்மா நிதானமாகச் சோறு பிசைந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் பெரியம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அப்படி இனித்தது, இப்போதும் இனிக்கிறது. அதற்குப் பிறகு அவன் வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்வரை பெற்றவள் கையால் ஒரு கவளம் வாங்கியதில்லை.

பெரியம்மா செத்தபோது அம்மா வாய்க்கரிசி போட்டாள். போட்டுவிட்டுக் கையை உதறினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பிறகு அம்மாவும் போனாள், வீடும் கைமாறியது. போன மாதம் பார்க்கப் போனேன். கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். பாத்தி இருந்த இடம் தெரியாமல் கரும்பு நிற்கிறது. திட்டித் தீர்க்கலாம் என்றால்கூட அங்கே இப்போது எங்கள் மனுசர் ஒருவரும் இல்லை.