ஈரத்துணிக்குள் அக்கா முகம்

இருபத்தாறு வருஷமாக அவருக்குப் பல்செட்டு செய்வதுதான் வேலை. டாக்டர் அனுப்பும் வாய் அச்சு ஒரு டப்பாவில் வரும். லேப்பில் உட்கார்ந்து மெழுகு வைத்து, பல் அடுக்கி, தேய்த்து மெருகேற்றி, அதே டப்பாவில் திருப்பி அனுப்புவார். ஆயிரக்கணக்கான வாய்கள் கையில் வந்து போயிருக்கின்றன. அந்த வாய்க்கு மேலே மூக்கு எப்படி, கண் எப்படி என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த ஏக்கத்தில்தான் ஐம்பது வயதுக்கு மேல் கலைக்கூடத்தில் சேர்ந்து, களிமண்ணில் தலை செய்யக் கற்றுக்கொண்டார். அங்கே போயும் அவருக்குக் கிடைத்த பெயர் 'பல்செட்டு'தான்.

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலையில் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து தங்கள் படைப்பைப் பற்றிப் பேசுவார்கள். ஆளுக்குப் பத்து நிமிஷம். கூட்டத்தை நடத்தும் அம்மாள் தன் வீட்டுச் சமையலறை டைமரைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். அது கிணுகிணுத்தால், எந்தக் கொம்பனாக இருந்தாலும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த முறை அவர் கொண்டுபோனது அக்காவின் தலை. தம்பி தன் கையாலேயே செய்து கொடுத்த பல்செட்டை அக்கா வீட்டில் போடுவதே இல்லை. அது அலமாரியில் டம்ளர் தண்ணீரில் கிடக்கும். கன்னம் குழிந்து, உதடு உள்ளே மடிந்த அந்த முகத்தைத்தான் நாலு மாதம் உட்கார்ந்து செய்தார். அக்கா எதிரே உட்கார்ந்தாளே தவிர, ஒரு தடவைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை.

"மொதல்ல அங்க கொண்டுபோய்க் காட்டு. நாலு பேரு சிரிச்சாங்கன்னா அங்கயே நசுக்கிப் போட்டுட்டு வந்துடு. சிரிக்கலன்னா நான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

காலமெல்லாம் பல் செய்து பிழைத்தவனுக்குப் பல் இல்லாத முகம் எப்படி அழகாகத் தெரிகிறது? அது அவருக்கே விளங்கவில்லை. அதைத்தான் நாலு பேரிடம் கேட்கப் போனார்.

டைமரைத் திருகினார்கள். ஈரத்துணி சுற்றிய தலையை மேசையில் வைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது எங்க அக்கா. அவங்க பல்லு போடறதில்ல" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான்.

"ஏன், குத்துதா?" என்றார் படம் வரையும் பெரியவர். "எனக்கும் கீழ்ச்செட்டு குத்துது சார். ஒரு நிமிஷம் பாருங்களேன்." கேட்டவர் வாயைத் திறந்தே விட்டார்.

ஜாடி வனையும் அம்மாள் தன் மாமியாருக்கு மேல்செட்டு பேசும்போதே கழன்று விழுகிறது என்றார். கூட்டத்தை நடத்தும் அம்மாளுக்கோ ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கலாமா வேண்டாமா என்று சந்தேகம். "நான் டாக்டர் இல்லீங்க" என்று இவர் மூன்று முறை சொல்லிப் பார்த்தார். யாராவது காதில் வாங்கினால்தானே? "கொஞ்சம் தலையப் பாருங்க" என்று கெஞ்சவும் செய்தார். "பாக்கறோம், பாக்கறோம்" என்ற பெரியவர் கீழ்ச்செட்டைக் கழற்றி இவர் உள்ளங்கையில் வைத்தார். இன்னொரு கை துணியின் முனையைப் பிடித்தது பிடித்தபடி இருக்க, டைமர் கிணுகிணுத்தது.

"ரொம்ப நுணுக்கமான வேலை. முகத்துல என்ன ஒரு அமைதி. எல்லாரும் கைதட்டுங்க" என்றார் கூட்டத்தை நடத்தும் அம்மாள்.

எல்லோரும் தட்டினார்கள். துணியை அவிழ்க்கவே இல்லை என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவருக்கு வந்த ஆத்திரத்தில் தலையை அங்கேயே தரையில் அறைந்திருப்பார். அக்கா தலையாயிற்றே என்று தூக்கிக்கொண்டு வந்தார்.

"யாராவது சிரிச்சாங்களாடா?" என்று வாசலிலேயே கேட்டாள் அக்கா.

"ஒருத்தரும் சிரிக்கலக்கா."

அது பொய் இல்லை. அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல்.

அக்கா துணியை அவிழ்த்தாள். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பார்த்துவிட்டுப் பொக்கை வாய் தெரியச் சிரித்தாள்.

"சிரிச்சா நசுக்கணும்னு நீதானக்கா சொன்ன?"

"நாலு பேரு சிரிச்சான்னு சொன்னேன். நான் ஒருத்திதானே." விரலால் களிமண் கன்னத்தைத் தொட்டாள். "இந்த எடது பக்கம் இவ்வளவு குழி கெடையாதுடா. நல்லாப் பாரு."

அவர் ஜன்னலோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, அக்காவை வெளிச்சத்தில் உட்காரவைத்தார்.