கேன் தண்ணீரில் கரைந்த மூன்று வருடம்

நாலு வருடத்துக்கு முன்பு, வேலூர் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பி.எச்டி. செய்துகொண்டிருந்தேன். சொந்த ஊர் ஆம்பூர். அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை. "என் பொண்ணு டாக்டராவப் போறா, ஊசி போடுற டாக்டர் இல்ல" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

என் ஆராய்ச்சியைக் கேட்டால் சிரிப்பீர்கள். காஷ்மீர் மாதிரி இடங்களில் மின்கம்பத்துப் பீங்கான்மேல் பனி உறைந்தால், மின்சாரம் அந்தப் பனிமேலேயே பளிச்சென்று பாய்ந்து லைனையே துண்டித்துவிடும். எத்தனை வோல்ட்டில் பாயும் என்று ஐஸ் உறைய வைத்து அளப்பதுதான் என் வேலை. வேலூர் வெயிலில் ஐஸ் ஆராய்ச்சியா என்று தோழிகள் ஓட்டுவார்கள்.

தண்ணீரில் உப்பு கூடினால் மின்சாரம் சீக்கிரமே பாயும். அதனால் ஒவ்வொரு முறையும் தண்ணீரின் உப்பை மீட்டரில் அளந்து, நோட்டில் எழுத வேண்டும். முதல் மாதம் ஒழுங்காக அளந்தேன். ஒரே எண்தான் வந்தது. லேபுக்கு வந்தது கேன் தண்ணீர். எங்கள் ஊரில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், வாயில் வைக்க முடியாது. கேன் தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர், அதில் பேச்சே இல்லை. அந்தத் தைரியத்தில், பிறகு அளக்காமலே அதே எண்ணை எழுதிக்கொண்டு போனேன்.

மூன்றாம் வருடம், ஆய்வேட்டை முடிக்கும் சமயம். ஐஸ் உருகிக் காய்ந்த தட்டைக் கழுவ எடுத்தேன். ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. எங்கள் வீட்டு பக்கெட்டில் படியும் அதே உப்பு. மிச்சமிருந்த கேனில் மீட்டரை வைத்தால், எண் எங்கேயோ போய் நின்றது.

கேன் போடும் அண்ணனிடம் ஓடினேன். அவர் மறைக்கவே இல்லை.

"லோடு வராத நாள்ல போர்லதான் புடிச்சி போட்டேம்மா. ஐஸ் வெக்கத்தானே, குடிக்கவா போறீங்கன்னு உட்டுட்டேன்."

"எந்தெந்த நாள்ண்ணா?"

"அத்தெல்லாம் யாரும்மா ஞாபகம் வெச்சிக்கினு இருக்கா?"

எந்த நாள் ஐஸ் நல்லது, எது உப்பு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

கைடு சார் நோட்டைப் புரட்டி, "இதுல நெஜமா அளந்தது எதும்மா?" என்றார். முதல் மாதம் மட்டும் என்றேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மூடி வைத்துவிட்டார். அளவுகளை முதலிலிருந்து எடுக்க உதவித்தொகையும் இல்லை, லேபில் எனக்கு நேரமும் இல்லை; படிப்பை விட்டுவிட்டேன். வீட்டில் சொன்னபோது அப்பா, "தண்ணியாலயா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். தெருவில் யாராவது படிப்பைப் பற்றிக் கேட்டால் அப்பா பேச்சை மாற்றுகிறார், பார்க்கவே முடிவதில்லை. அந்த அண்ணன்மேல் கோபப்படக்கூட எனக்கு வாயில்லை; கேட்டதும் அவர் உள்ளதைச் சொன்னார், நானோ மூன்று வருடம் என் கையாலேயே பொய்யை எழுதி, அதை ஆராய்ச்சி என்று நம்பிக்கொண்டிருந்தேன்.