நாலாவது அடியில் ஒரு சுவர்

மாத்தளையில் அந்த ஒழுங்கையில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் ஒரு விஷயம் தெரியும். விடியற்காலை ஐந்து மணிக்கு யாராவது "ஹா!" என்று கத்தினால் அது கமலாட்சி டீச்சர்தான். வயது நாற்பத்து மூன்று. முன்பள்ளியில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் அதே வாய்! கணவர் சசிக்குமார் போர்வைக்குள் இருந்தபடியே, "மெதுவா கத்து தாயே, நான் அடி வாங்குறேன்னு பக்கத்து வீட்ல நெனைக்கப் போறாங்க" என்பார்.

முன்காலை மடக்கி, பின்காலை விறைப்பாக நீட்டி, அடிக்கொரு குத்து. ஹால் நல்ல நீளம், தாராளமாக ஏழெட்டு அடி வைக்கலாம். ஆனால் மூன்றாவது அடி வைத்ததும் கால் தானாகத் திரும்பிவிடும். சனியன் பிடித்த கால்! இன்னும் அது ரத்தோட்டைக்கு மேலே, அவள் வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறது.

கராத்தே என்றால் கண்ணாடி பதித்த மண்டபம் என்று நினைப்பவர்கள் லயத்தில் அந்த ஒற்றை அறைக் காம்பராவைப் பார்த்திருக்க வேண்டும். அப்போது கமலாட்சிக்குப் பதினேழு வயது. மாஸ்டர் மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்து கோயில் முன்னால் பழக்கிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் வீடுதான். அப்பா கணபதி வேலை முடிந்து வந்ததும் கட்டிலைத் தூக்கி வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் போடுவார். அதன் பிறகும் மூன்று அடிதான் வைக்கலாம், நாலாவது அடியில் சுவர். மூன்று வைத்துத் திரும்பி, மறுபடி மூன்று வைத்துத் திரும்பி, மாலை முழுக்க அதே கதை. அடுப்புப் புகை கண்ணைக் கரிக்கும். பக்கத்துக் காம்பராவில் இருந்து சுவரைத் தட்டுவார்கள்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்க இந்தக் குதி?" என்பாள் அம்மா வேலம்மா.

"குதிக்கட்டும் விடு. இந்த வயசுல குதிக்காம எப்ப குதிக்கிறது?" என்று கணபதி பனியில் நனைந்த கட்டிலில் உட்கார்ந்து, வாசல் வழியாகப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சந்தோஷம் பிறகு எத்தனை பெரிய ஹாலிலும் கமலாட்சிக்குக் கிடைக்கவில்லை.

இடுப்பில் கட்டும் பச்சைப் பட்டிக்கான பரீட்சை டவுனில் நடந்தது. ஐந்து அடி போய்க் குத்திவிட்டுத் திரும்ப வேண்டும். எல்லோரும் நாலாவது அடிக்குக் காலைத் தூக்க, இவள் மட்டும் படாரென்று திரும்பினாள். பின்னால் வந்த நுஸ்ரா என்ற பிள்ளையின் மூக்கும் இவள் மூக்கும் முட்டாத குறை. மண்டபமே சிரித்தது. முடிவைச் சொல்லவா வேண்டும்?

கூட வந்திருந்த கணபதி ரத்தோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னார். "நீ பெயிலாகல புள்ள. நான் குடுத்த வீடுதான் பெயிலு."

ஊர் சிரித்ததைத் தாங்கிக்கொண்டவளால் அந்த முகத்தைத் தாங்க முடியவில்லை. அத்தோடு பட்டியைக் கட்டவில்லை. அவர் அதை மறந்துவிடுவார் என்று நினைத்தாள். எங்கே! பெண்ணைக் கட்டிக் கொடுக்கப் போன இடத்தில், சம்பந்தி பலகாரம் நீட்டிக்கொண்டு நிற்க, இந்த மனுஷன் மாப்பிள்ளை வீட்டு ஹாலைக் காலால் அளந்துகொண்டிருந்தார். அதைக் கமலாட்சி பார்த்துவிட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் முன்பள்ளிக்குப் பக்கத்தில் பெண்களுக்கான வகுப்பு தொடங்கியதும் முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தாள். விட்ட பச்சைப் பட்டியை இப்போது எடுத்து என்ன ஆகப் போகிறது? ஒன்றும் ஆகாது. அப்பாவின் நெஞ்சில் இருந்து 'பெயிலு' என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடுங்கி எறிய வேண்டும், அவ்வளவுதான். அதற்காகவே, எழுபத்து நாலு வயதில் லயத்தை விட்டு வரமாட்டேன் என்றவரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்து, போன ஞாயிறு பரீட்சை மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்தாள். பார்க்க வந்தவர்கள் மூச்சுக்கூட விடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

தேர்வாளர் எண்ணத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. மூன்று.

கமலாட்சியின் குதிகால் திரும்ப ஆரம்பித்தது. ஐயோ, போச்சு!

"போ புள்ள! அங்க செவரு இல்ல!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. தேர்வாளர் முறைத்தார். கணபதி எழுந்து நின்றுகொண்டிருந்தார். யார் கையைப் பிடித்து இழுத்தும் அவர் உட்காரவில்லை.

கமலாட்சி நாலாவது அடியை வைத்தாள். ஐந்தாவதையும் வைத்தாள். கண்ணீரில் எதிரே எதுவும் தெரியவில்லை. ஆனாலும் திரும்பச் சொன்ன பிறகுதான் திரும்பினாள்.