புளி போட்டுத் தேய்த்த குதிரை

சனிக்கிழமை காலை 9.10. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து மோரிஸ்டவுன் சுமார் 35 மைல். வண்டி ஓட்டியவன் என் கல்லூரி நண்பன் முரளி; மருந்து கம்பெனியில் வேலை. பக்கத்தில் அவன் மனைவி கலா. சென்னையிலிருந்து விருந்தாளியாக வந்திருந்த நான் பின்சீட்டில். என் மடியில் ஒரு காகித உறை, அதற்குள் 1787-இல் நியூ ஜெர்சிக்காக அச்சடித்த செப்புக் காசு.

காசு முரளியுடையது அல்ல. மோரிஸ்டவுனில் இருக்கும் டேவிட் என்ற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியருடையது. அமெரிக்காவின் தொடக்க காலக் காசுகளைச் சேர்ப்பவர். பொழுதுபோக்காகப் புகைப்படம் எடுக்கும் முரளியிடம், படம் எடுத்துத் திருப்பித் தருவதற்காக மாதம் ஒரு காசை நம்பிக் கொடுத்தனுப்புவார். பத்திரமாக இருக்கட்டும் என்று முரளி இதைப் பூஜை அலமாரியில் வைத்தான். வியாழன் மாலை, மறுநாள் வெள்ளிக்கிழமைக்காகக் கலா விளக்குகளைத் தேய்த்தாள். புளியும் உப்பும் போட்டு, காசையும் சேர்த்து.

உறையைத் திறந்து பார்த்தேன். ஒரு பக்கம் குதிரைத் தலை, அதன் கீழ் ஏர். விவசாய மாநிலத்தின் அடையாளம். மறுபக்கம் கோடுகள் போட்ட கேடயம். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் படிந்த பழுப்பு நிறம் போய், கடையில் தொங்கும் புதுச் செம்புபோல் பளபளத்தது. சேகரிப்பவர்களுக்கு அந்தப் பழுப்புதான் காசின் உயிர். போனால் திரும்பாது.

9.35. நெடுஞ்சாலை 287.

"பூஜை ரூம்ல இருக்கறதையெல்லாம் தேய்ச்சிடுவியா?" என்றான் முரளி.

"அங்க காசு வெச்சா யாரா இருந்தாலும் சாமி காசுன்னுதாங்க நெனைப்பாங்க. குதிரை வேற இருந்துச்சு. அய்யனார்னு நெனச்சேன்."

"அய்யனாருக்கு எதுக்குடி ஏரு?"

யாரும் சிரிக்கவில்லை. குதிரை இடப்பக்கம் பார்க்கும் அரிய காசு ஒன்று டேவிடிடம் உண்டு. மற்றவை பெரும்பாலும் வலப்பக்கம் பார்ப்பவை. அதைப் படம் எடுக்க இன்றைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். முரளி ஒரு வருடமாகக் காத்திருந்தான்.

"காச வீட்லயே மறந்து வெச்சுட்டேன்னு சொல்லிடவாடா?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "கறுக்க வைக்கிற மருந்து ஆர்டர் பண்ணலாம்."

நான் பதில் சொல்வதற்குள் கலா கையை நீட்டினாள். "அண்ணா, உறைய எங்கிட்ட குடுங்க. பண்ணது நான், நானே சொல்லிக்கறேன். நீங்க ஒழுங்கா டிரைவ் பண்ணுங்க."

10.05. டேவிடின் சாப்பாட்டு மேஜையில் விளக்கும் பூதக்கண்ணாடியும் தயாராக இருந்தன. நாங்கள் உட்காரும் முன்பே கலா ஆங்கிலத்தில் நடந்ததைச் சொல்லி முடித்தாள். அவர் காசின் விளிம்பை மட்டும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதனால் தேய்த்தீர்கள்?"

"டாமரிண்ட்."

"பூஜை அறையில் ஏன் வைத்தீர்கள்?"

"எங்கள் வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது" என்றான் முரளி.

டேவிட் உறையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்தார். அந்தக் காசை வைத்திருந்தவர்களின் பெயர்கள் நான்கு விதக் கையெழுத்தில் இருந்தன. கடைசிப் பெயர் அவருடையது. அதன் கீழ் பென்சிலால் எழுதினார்: 'சுத்தம் செய்யப்பட்டது. புளி.' யார் செய்தது என்று எழுதவில்லை.

பிறகு எழுந்துபோய் ஒரு தட்டைக் கொண்டுவந்தார். இடப்பக்கம் பார்க்கும் குதிரை. பழுப்பு கலையாமல் இருந்தது. நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். அவர் விரல் தட்டின் ஓரத்தை விடவில்லை. முரளியின் கைகள் மேஜைக்குக் கீழேயே இருந்தன.

11.20. திரும்பும் வழி. கொண்டுபோன கேமரா பையின் ஜிப்பை முரளி அங்கே திறக்கவே இல்லை. மதிக்கும் பொருளை வாரம் தவறாமல் தேய்க்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். மதிப்பதால் துடைக்காமல் விடும் வீட்டை அன்றுதான் பார்த்தேன்.

"வாசல்ல தனியா கூப்ட்டு என்னங்க சொன்னாரு?" என்றாள் கலா.

"அடுத்த மாசமும் வரச் சொன்னாரு."

"குடுப்பாராமா?"

"பாக்க வரச் சொன்னாரு."