விட்டுப்போன ஒரு கட்டம்

சாஃப்ட்வேர் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் பார்சல் ஆபீஸ் முதலாளி போன் செய்தார்.

"அண்ணே, சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு. காதர் பாய்தான் ஆள் மாத்திப் பார்சலைக் குடுத்துட்டாரு. இன்னையோட வேலைக்கு வர வேண்டாம்னு அவருகிட்டச் சொல்லப்போறேன்."

"இருங்க. வாரேன்" என்றேன்.

அவர் ஆபீஸ் மாட்டுத்தாவணிப் பக்கம். உசிலம்பட்டியைச் சுற்றிய ஊர்களுக்கு வேனில் சாமான் போகும். காதர் பாய் கூடவே போய் இறக்கிக் கொடுப்பவர்.

நான் படித்தது எட்டாவது. புரோகிராம் எழுதத் தெரியாது. என்ன தேவை என்று கேட்டு எழுதி எங்கள் கம்பெனியில் கொடுப்பது என் வேலை. ரெக்கொயர்மென்ட் என்பார்கள். இங்கே முதலாளியோடு மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். அனுப்புபவர், பெறுபவர், ஊர், போன் நம்பர். கையெழுத்துப் போட்டார். அதன்படி பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் வந்தது.

நான் போனபோது காதர் பாய் வாசலில் நின்றார்.

"என்ன பாய் ஆச்சு?"

"மோட்டார் ஸ்டார்ட்டர் ஒண்ணு. மாயாண்டின்னு பேரு. அந்த ஊர்ல குலசாமி பேர வச்சு ஆறு மாயாண்டி இருக்கான். போன் அடிச்சேன், எடுக்கல. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், ஒருத்தன் வந்து வாங்கிட்டான். அவனும் ஏதோ பார்சலுக்குக் காத்திருந்தானாம். உரிய ஆளு தண்ணி பாய்ச்ச முடியாம பருத்தி காயுதுன்னு இப்ப வையுறான்."

"முன்னாடி எப்படிக் குடுத்தீங்க?"

"புக்கிங்குக்கு வாரவங்ககிட்ட எந்த மாயாண்டின்னு கேப்பேன். லாரி மாயாண்டியா, வெத்தலை மாயாண்டியா? மார்க்கர்ல பெட்டி மேல எழுதிக்குவேன். இப்ப முதலாளிதான் கம்ப்யூட்டர்ல புக்கிங் போடுறாரு. பெட்டியில கிறுக்கக் கூடாதுன்னுட்டாரு."

"எங்கிட்டச் சொல்லலையே."

"நீங்க எங்க கேட்டீங்க? மூணு நாளும் உள்ள உக்காந்து வடை தின்னுட்டுப் போனீங்க."

உண்மைதான். உள்ளே முதலாளியிடம் போனேன்.

"தப்பு என்னுது" என்றேன். "பாயைக் கேக்காம எழுதிட்டேன்."

"அவருக்கு எதுக்குண்ணே வக்காலத்து?"

"வக்காலத்து இல்ல. ஸ்டிக்கர்ல ஒரு கட்டம் விட்டுப்போச்சு. இவரை நிப்பாட்டுனா, நாளைக்கு வாரவரும் ஆறு மாயாண்டி முன்னாலதான் நிப்பாரு."

முதலாளி ஒரு ஸ்டிக்கரை எடுத்துப் பார்த்தார். "சும்மா மாத்தித் தருவீங்களா?"

"தருவோம்."

அவர் வாசலைப் பார்த்துச் சொன்னார். "பாய், வண்டில ஏறுங்க. அந்த ஸ்டார்ட்டரை வாங்கி உரிய ஆளுகிட்டச் சேத்துட்டு வாங்க."

கம்பெனியில் எங்கள் மேனேஜர் விடவில்லை. "கையெழுத்து இருக்குல்ல? சேஞ்ச் ரிக்வெஸ்ட்னு போட்டுக் காசு வாங்குங்க."

"அவர் எதையும் மாத்தல சார். நான் கேக்கல."

காசு வாங்காமலே இரண்டு நாளில் 'அடையாளம்' என்று ஒரு கட்டம் வந்தது. முதலாளி டைப் செய்யுமுன் பாயைக் கூப்பிட்டு, லாரியா வெத்தலையா என்று கேட்டுக்கொள்கிறார்.

இப்போது எந்த இடத்துக்குப் போனாலும் முதல் நாள் நான் முதலாளி அறைக்குப் போவதில்லை. சாமான் ஏற்றும் இடத்தில் நிற்கிறேன். அங்கே ஒருவர் எதையாவது கேட்டு எழுதினால், அதை ஏன் கேட்டார் என்று கேட்கிறேன். கையெழுத்து வாங்குவது அதற்கப்புறம்.