சண்டை வந்தால் அலறும் லேப்டாப்

மூக்கண்டப்பள்ளிக்கு வேலைக்கு வந்து நாலு மாசம் ஆச்சு. இன்னைக்கு வார லீவு. மத்தியானம் லேப்டாப்பில் படம் போட்டேன்.

பேசுறது கேக்கலைன்னு சவுண்டைக் கூட்டினேன். உடனே சண்டை சீன் வந்து ரூமே அதிர்ந்துச்சு.

பக்கத்து வீட்டு மஞ்சுநாத் கதவைத் தட்டினார். அதுவரை பேசினதில்லை.

"அண்ணா, தூங்கின பாப்பா எந்திரிச்சிடுச்சு."

"மன்னிச்சுக்கங்க. குறைச்சா பேச்சு கேக்கல, கூட்டினா சண்டை காதைக் கிழிக்குது."

அவரே உள்ளே வந்து உட்கார்ந்து, சவுண்ட் செட்டிங்கில் எல்லாச் சத்தத்தையும் சமமாக்குற ஆப்ஷனை டிக் பண்ணினார். சரியாயிடுச்சான்னு ரெண்டு பேரும் பத்து நிமிஷம் படம் பார்த்தோம். இந்த ரூமுக்குள்ள வந்த முதல் ஆள் அவர்தான்.

"டீ போடட்டுமா?"ன்னு கேட்டேன். அதுக்குள்ள பாப்பா அழுதுச்சு, போயிட்டார்.

இப்ப எல்லாம் தெளிவாக் கேக்குது. அவர் திரும்ப வர்றதுக்குத்தான் காரணமே இல்லை.

வேற எதைக் கெடுத்து வைக்கலாம்? ஐடியா சொல்லுங்க.