மிகச் சரியான விடை

பிரேக் அக்காவுக்கு அவளுடைய அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அவள் வேலை பார்த்த டிரைவிங் ஸ்கூலில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியாது. கற்றுக்கொள்ளும் வண்டியில் பயிற்சியாளர் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் இருக்கும். எதிரே லாரியைப் பார்த்து ஆள் பதறுவதற்கு முன்பே அவள் கால் அதை மிதித்துவிடும். அப்படி வந்த பெயர்.

வண்டியில் அவள் அதிகம் பேச மாட்டாள். "கிளட்ச். கியர். விடு. போ." அவ்வளவுதான். ஆனால் நியாயம் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அவள் வாய்க்குப் பிரேக் கிடையாது. தையல்காரர், பள்ளிக்கூடத்து கிளார்க், கீழ்வீட்டில் தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறக்கிறவர் என்று அவளிடம் வாதாடித் தோற்றவர்களைக் கூட்டினால் ஒரு கல்யாண மண்டபம் நிறையும். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். குணத்தில் சாது. சண்டை ஆரம்பிக்கும்போதே ஸ்பானரை எடுத்துக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவார்.

ஒருமுறை டிரைவிங் ஸ்கூல் முதலாளி, பெண் பயிற்சியாளர்களுக்கு இனிமேல் காலை நேரம் மட்டும்தான் என்று ஒரு சட்டம் போட்டார். பிரேக் அக்கா நேரே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். விசாரணை நாளில் ஒவ்வொரு காரணமாக எடுத்து வைத்து அவள் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். அதிகாரி பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"நீங்க வக்கீலா?"

"இல்ல சார்."

"அப்போ கொஞ்சம் உட்காருங்க."

உட்கார வைத்துவிட்டு, அவள் சொல்வது என்னவென்று முதலாளியோடு வந்திருந்த வக்கீலிடம் அவர் கேட்டார். மீசைகூடச் சரியாக முளைக்காத அந்தப் பிள்ளை, அவள் சொன்னதையே பாதி தப்பாகச் சொன்னது. அதற்கு அதிகாரி தலையை ஆட்டினார். கடைசியில் அவளுக்கு வேலை நேரம் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்த 'அப்போ' மட்டும் தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி போகவே இல்லை.

அன்று சாப்பிடும்போது அறிவித்தாள். "நான் சட்டம் படிக்கப் போறேன். சாயங்காலக் கல்லூரி இருக்கு. நுழைவுத் தேர்வு எழுதணும்."

கணவர் மெல்லுவதை நிறுத்தவில்லை. மாமியார்தான் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "இப்பவே இந்த வீட்ல யாராலயும் இவளைப் பேசி ஜெயிக்க முடியல. இதுல லைசென்ஸ் வேற வாங்கப் போறாளா?"

பயிற்சி வகுப்பு ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் நடந்தது. படியேறும்போதே புதுத்தோல் வாசனை மூக்கில் ஏறும். எல்லாம் அவள் மகள் வயசுப் பிள்ளைகள். அவளை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டு, அவளிடமே பேனா கடன் வாங்குவார்கள். கணக்கு அவளுக்கு வந்தது. பொது அறிவு வந்தது. சட்டக் கேள்விகள் தண்ணீர் பட்ட பாடு. பத்தியைப் படித்துவிட்டுப் பதில் சொல்லும் பகுதியில்தான் வண்டி ஆஃப் ஆகி நின்றது.

அதை எடுத்தவரைப் பிள்ளைகள் ஆப்ஷன் சார் என்பார்கள். மெலிந்த மனிதர், துடைத்துத் துடைத்தே தேய்ந்த கண்ணாடி. ஒருநாள் கலங்கரை விளக்கத்தைப் பற்றி ஒரு பத்தி கொடுத்தார். 'கலங்கரை விளக்கங்கள் கப்பல்களைக் காத்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அவை இல்லாதிருப்பின் கப்பல்கள் அனைத்தும் மூழ்கியிருக்கும் எனக் கூறிவிடவும் இயலாது' என்று போனது அது. அதுகூடப் பரவாயில்லை. கீழே கேள்வி: 'பின்வருவனவற்றுள் எக்கருத்துடன் ஆசிரியர் உடன்படாமல் இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு?'

பிரேக் அக்கா அதை மூன்று தரம் படித்தாள். உடன்பட மாட்டார், அதுவும் மாட்டார் என்பது குறைவு, குறைவு என்றால் உடன்படுவார்... கழுத்தைச் சுற்றி மூக்கைத் தொட்டு ஒருவழியாக வந்து 'அ' போட்டாள். கலங்கரை விளக்கங்கள் ஓரளவு பயனுள்ளவை.

"தப்பு," என்றார் சார். "விடை ஆ. கலங்கரை விளக்கங்கள் முழுமையாகப் பயனற்றவை அல்ல."

பிரேக் அக்கா எழுந்து நின்றாள். முன்பெஞ்சுப் பிள்ளைகள் வசதியாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள்.

"ஓரளவு பயன் இருக்கு. முழுசா பயனில்லாம இல்ல. ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"இல்ல மேடம். 'ஓரளவு'ன்னு ஆசிரியர் எங்கயும் சொல்லலையே."

"'முழுமையா'ன்னும்தான் சொல்லல."

"அ சரியான விடைதான். ஆனா ஆ மிகச் சரியான விடை."

"சரின்னா சரி, தப்புன்னா தப்பு. இதுல மிகச் சரி எங்க சார் வந்துச்சு? என் வண்டியில ஒருத்தர் பிரேக் பிடிச்சா வண்டி நிக்கும். மிகச் சரியா நின்னுச்சுன்னு யாராவது சொல்லுவாங்களா?"

வகுப்பே சிரித்தது. சார் கண்ணாடியைத் துடைத்தார். "உங்க கருத்தை யாரும் கேக்கல மேடம். ஆசிரியர் என்ன நினைக்கிறார்னுதான் கேள்வி."

"அவர் நினைச்சதை அவரே நேரா எழுதியிருந்தா நமக்கு ஏன் சார் இந்தத் தலைவலி?"

வீட்டிலும் அதே கதைதான். கணவர் மாதிரி வினாத்தாள் ஒன்றை வைத்துக்கொண்டு அவளுக்குப் பத்தி வாசித்துக் காட்டுவார். பழைய கட்டடங்களைப் பற்றிய ஒன்றில், ஆசிரியரின் மனநிலை என்ன என்று கேள்வி. பிரேக் அக்கா 'பாராட்டு' என்றாள். அடுப்படியிலிருந்து மாமியார் குரல் வந்தது.

"அவனுக்குப் பிடிக்கல. பிடிச்சிருந்தா நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போறான். 'குறை கூற இயலாது'ன்னு ஏன் இழுக்கிறான்? உன் சித்தி பொண்ணு வந்தப்போ என் குழம்பைப் பத்தி இப்படித்தான் சொன்னா."

கணவர் பின்பக்கம் புரட்டிப் பார்த்தார். 'மறைமுகமான அதிருப்தி' என்று இருந்தது. அதைச் சத்தமாகச் சொல்லலாமா வேண்டாமா என்று அவர் தவித்த தவிப்பு அவருக்குத்தான் தெரியும். பிரேக் அக்கா தாளைப் பிடுங்கிச் சுருட்டி ஃபிரிட்ஜ் மேல் எறிந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் விடியற்காலை, டிரைவிங் ஸ்கூல் வாசலில் தொப்பியைப் புருவம் வரை இறக்கிவிட்டுக்கொண்டு ஒரு ஆள் வந்து நின்றார். ஆப்ஷன் சார். அவர் மனைவிதான் இத்தனை காலம் அவரைக் காரில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். "இனிமே நீங்களே ஓட்டிட்டுப் போங்க, நான் என்ன உங்க டிரைவரா?" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டாராம். பயிற்சி வண்டியின் கதவைத் திறந்தவர், உள்ளே பயிற்சியாளர் இருக்கையில் யார் என்று பார்த்ததும் மூடிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார்.

"உட்காருங்க சார்."

உட்கார்ந்தார். "மேடம், இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும். பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சா..."

"எது சார்? பத்தியில அப்படி எதுவும் சொல்லலையே."

சார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மூடிக் கிடந்த ஒரு கிடங்குக்குப் பின்னால் பெரிய சிமெண்ட் தரை. அங்கங்கே காலி பிளாஸ்டிக் டிரம்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். அங்கேதான் முதல் பாடம். சாருக்குக் கிளட்ச் புரிந்தது, கியர் புரிந்தது. முடிவெடுப்பதுதான் வரவில்லை. ஒரு டிரம்மைக் கண்டால் இடப்பக்கம் போவதா வலப்பக்கம் போவதா என்று வண்டியை ஊரவிட்டே ஆராய்ச்சி செய்வார். அவள் காலுக்கு ஓய்வே இல்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அவளுக்குள் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. நேர் எதிரே நீல நிற டிரம் ஒன்று வந்துகொண்டிருந்தது. வண்டி நடை வேகம்தான். பிரேக் அக்கா காலை மெல்லத் தூக்கி ஓரமாக வைத்துக்கொண்டாள். பிறகு வகுப்பில் சார் படிக்கும் அதே ராகத்தில் ஆரம்பித்தாள்.

"ஓட்டுநர் ஒருவரின் எதிரே நீல நிறப் பொருள் ஒன்று காணப்படுகிறது. இந்நிலையில் பின்வருவனவற்றுள் எதைச் செய்யாமல் இருப்பது ஓட்டுநருக்கு மிகக் குறைவாகப் பொருந்தும்?"

"என்னது?"

"அ. வேகத்தை ஓரளவு குறைப்பது. ஆ. வேகத்தை முழுமையாகக் குறைக்காமல் இருப்பதைத் தவிர்ப்பது."

"மேடம், டிரம்!"

"இ. நீல நிறப் பொருளின் நோக்கத்தை ஆராய்வது."

"ஆ! ஆ!" என்று கத்தினார் சார். அது விடையா அலறலா என்று தெரிவதற்குள் டொம் என்று ஒரு சத்தம். டிரம் சாய்ந்து, உருண்டு, கிடங்குச் சுவரில் முட்டி, ஏதோ யோசிப்பது போல ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. வண்டி குலுங்கி ஆஃப் ஆனது.

சாருக்கு முகமெல்லாம் வியர்வை. வகுப்பில் ஒருநாளும் உயராத குரல் உயர்ந்தது. "ஏங்க, நேரா சொல்லக் கூடாதா? 'பிரேக்'னு ஒரே ஒரு வார்த்தை! அதைச் சொல்ல என்ன கேடு?"

பிரேக் அக்கா அவரையே பார்த்தாள். "வகுப்புல சேர்ந்ததுலேர்ந்து நானும் இதைத்தான் சார் கேட்டுட்டு இருக்கேன்."

சார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் பயந்தே போனாள். பார்த்தால், மனிதர் சிரிக்கிறார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவளுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேருமாக இறங்கிப் போய் டிரம்மை நிமிர்த்தினார்கள். அதில் ஒரு சொட்டை விழுந்திருந்தது.

"மேடம், ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் சார், டிரம்மில் சாய்ந்துகொண்டு. "நானும் சில தேர்வுக்குக் கேள்வி எழுதிக் கொடுத்திருக்கேன். நாங்க உண்மை எது, பொய் எதுன்னெல்லாம் பார்த்து விடை எழுதறதில்ல. பரீட்சை முடிஞ்சதும் உங்களை மாதிரி யாராவது சண்டைக்கு வருவாங்கல்ல? அந்தப் பயத்துல எழுதறோம். யாரும் எங்கயும் கையை வைக்க முடியாத மாதிரி ஒரு விடையை வழவழன்னு எழுதி வெச்சிருவோம். அதனாலதான் அது அவ்வளவு சப்புன்னு இருக்கு."

"அப்போ 'ஓரளவு'ன்னு போட்டா?"

"எந்த அளவுன்னு நீங்க கேப்பீங்க. 'முழுமையா பயனற்றது இல்ல'ன்னு சொன்னா? எங்க, சண்டை போடுங்க பார்ப்போம்."

அவள் வாயைத் திறந்தாள். ஒரு பிடியும் கிடைக்கவில்லை. மூடினாள்.

"அவ்வளவுதான். நீங்க இத்தனை நாளா உங்களுக்குப் பிடிச்ச விடையைத் தேடினீங்க. அதை விடுங்க. நாலு விடையோடயும் சண்டைக்குப் போங்க. எதுகிட்ட தோக்கறீங்களோ அதுல டிக் அடிங்க."

வாழ்நாளில் முதல்முறையாகத் தோற்பதற்கு ஒரு பயன் இருப்பதாக அவளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து மாதிரித் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு விடைகளோடு மல்லுக்கட்டினாள். "எல்லாருமா? ஒருத்தர்கூட பாக்கி இல்லாமலா? நீ எண்ணிப் பார்த்தியா?" என்று அவள் 'இ'யைத் திட்டும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். தன்னைத்தான் திட்டுகிறாளோ என்று கணவர் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மதிப்பெண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

தேர்வு அறையில் அவள் உதடு ஓயவில்லை. மேற்பார்வை பார்த்த பெண் அருகே வந்து, "அம்மா, யார்கிட்ட பேசறீங்க?" என்று கேட்டாள். "ஈ கிட்ட," என்றாள் பிரேக் அக்கா. அந்தப் பெண் மேசையில் ஈயைத் தேடிவிட்டுப் போனாள். தேனீக்களைப் பற்றிய பத்தியில் மட்டும் ஒரு கேள்வி அவளைக் கைவிட்டது. நான்கு விடைகளோடும் சண்டை போட்டு நான்கையும் ஜெயித்துவிட்டாள். ஜெயித்தது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. வெளியே வந்த வேகத்தில், அந்தக் கேள்வியே தப்பு என்று ஆட்சேபம் எழுதித் தேர்வுக் குழுவுக்கு அனுப்பிவிட்டாள்.

பதில் வந்தது: 'தங்கள் ஆட்சேபம் பரிசீலனைக்கு உகந்ததன்று எனக் குழு கருதவில்லை.'

கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "ஏத்துக்கிட்டாங்களா, இல்லையா?"

மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "இன்னொரு தடவை படி." படித்தார். "தப்பு அவங்க மேலதான். ஆனா வாயால சொல்ல மாட்டாங்க."

மாமியார் சொன்னபடியே ஆயிற்று. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு மதிப்பெண்ணை எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்கள். அது இல்லாவிட்டாலும் பிரேக் அக்கா தேறியிருப்பாள் என்றுதான் ஆப்ஷன் சார் சொன்னார். சொன்னபோது அவர் கொஞ்சம் சோர்வாக இருந்தார். அந்த வாரம்தான் அவர் ஓட்டுநர் தேர்வில் தோற்றிருந்தார். நாற்சந்தியில் பச்சை விளக்கு விழுந்தும், அது உண்மையிலேயே தனக்கான பச்சைதானா என்று யோசித்துக்கொண்டிருந்துவிட்டாராம். அடுத்த தரம் தேறினார். இப்போது அவர்தான் ஓட்டுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து "பிரேக்!" என்று கத்துவது அவர் மனைவியின் வேலை.

பிரேக் அக்கா காலையில் வண்டியும் சாயங்காலம் கல்லூரியுமாக ஆனாள். முதல் நாள் வகுப்பில் விரிவுரையாளர் ஒரு சட்டப் பிரிவை வாசித்தார். ஒரே வாக்கியம், பாதிப் பக்கம், நடுவில் 'இன்றி', 'அல்லாத', 'தவிர' எல்லாம் உண்டு. வாசித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று பேச்சுக்குக் கேட்டார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அன்றைக்கு வகுப்பு ரொம்ப நேரம் கழித்துத்தான் முடிந்தது.